கம்பைலரைத் திட்டுறதுக்கு முன்னாடி

முதல் வருஷம், சி லேப் மாடல் எக்ஸாம். சீட்டு எடுத்ததில் எனக்கு வந்தது இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். அந்த லிஸ்ட்லயே இதைவிட ஈசியான கேள்வி கிடையாது. முந்தின நாள் ராத்திரிதான் ஹாஸ்டல்ல என் விண்டோஸ் லேப்டாப்ல மூணு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். லேப்ல உபுண்டு. அதே புரோகிராமை ஒரு எழுத்து மாறாம அடிச்சு, கம்பைல் கொடுத்தேன். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி" என்று ஒரு வரி. அதுக்குக் கீழ, நீங்க எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிற அந்த வரி: "எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்."

மேத் டாட் ஹெச் இன்க்ளூட் பண்ணியிருக்கேனா என்று பார்த்தேன். பண்ணியிருந்தேன். அழிச்சுட்டுத் திரும்ப அடிச்சேன். ஃப்ளோட்டை டபுள் ஆக்கினேன். டபுளைத் திரும்ப ஃப்ளோட் ஆக்கினேன். ஃபைலை வேற பேர்ல சேவ் பண்ணினேன். நாற்பது நிமிஷம் போச்சு. கடைசியில் பக்கத்து சிஸ்டம் பையன் பாவப்பட்டு, "பின்னாடி மைனஸ் எல்எம் போடுடா" என்று கிசுகிசுத்தான். போட்டேன். ஓடிடுச்சு.

வைவாவில் மேம் கேட்டாங்க: "அது என்னப்பா எல்எம்?" "மேத் ஃபங்ஷன் வந்தா போடணும் மேம்" என்றேன். "போடணும்னு தெரியுது. எதுக்குன்னு தெரியுமா?" தெரியலை. வெளியில் வந்து சொல்லிக் கொடுத்தவனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியலை. அவங்க அக்கா சொல்லிக் கொடுத்ததாம்.

அன்னிக்கு எனக்குப் போனது மூணு மார்க்குதான். ஆனா அந்தக் கேள்வி போகலை. மேத் டாட் ஹெச்சை மேலே போட்டிருக்கேன், அப்புறம் ஏன் மறுபடியும் சொல்லணும்? விண்டோஸ்ல ஏன் கேட்கலை? இதுக்குப் பதில் தேடிப் போனபோதுதான், ஒரு வருஷமா கோட் அடிச்சும் என் கோட் எப்படிப் புரோகிராம் ஆகுதுன்னு ஒரு சதவீதம் கூட எனக்குத் தெரியாதுன்னு புரிஞ்சுது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது இதுதான். கம்பைலர், லைப்ரரி எப்படி வேலை செய்யுதுங்கிறதை மூணாம் வருஷ சிலபஸ் வரைக்கும் தள்ளிப்போடக் கூடாது. புரோகிராமிங் தொடங்கிய முதல் மாசத்திலேயே தெரிஞ்சுக்கணும். அதுக்குப் பெரிய தியரி எதுவும் தேவையில்லை. ஒரு சாயந்திரம் போதும்.

மனப்பாட மந்திரங்கள்

நமக்கு சி எப்படி அறிமுகம் ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. முதல் வரியில் ஹாஷ் இன்க்ளூட். "இதெல்லாம் எப்பவும் போடணும், ஏன்னு அப்புறம் பார்க்கலாம்." அந்த அப்புறம் வரவே வராது. ரெக்கார்ட் நோட்ல பாதிப் பேர் அதை ஸ்டுடியோ டாட் ஹெச் என்றே எழுதியிருப்போம். எஸ்டிடி என்றால் ஸ்டாண்டர்ட், ஐஓ என்றால் இன்புட் அவுட்புட் என்று பிரிச்சுச் சொல்லியிருந்தா யாருமே அந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்றதாலதான் ஸ்டுடியோ ஆகுது.

பள்ளியிலோ கல்லூரியிலோ டர்போ சி நீலத் திரையில் படிச்சவங்களுக்கு இன்னும் நாலு மந்திரம் கூடுதல்: கோனியோ டாட் ஹெச், சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்சிஎச், வாய்ட் மெயின். டர்போ சி பிளஸ் பிளஸ் போர்லண்ட் கம்பெனி டாஸ் காலத்துக்காகச் செஞ்சது. 1990களின் தொடக்கத்தில் வந்தது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல்தான். கோனியோ டாட் ஹெச் சி மொழியின் தரநிலையில் என்றைக்குமே இருந்ததில்லை. அது டாஸ் உலகத்துக் கம்பைலர்களோட சொந்தச் சரக்கு. இது தெரியாத ஒருத்தர் முதல்முறையா லினக்ஸ்ல உட்கார்ந்து "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று எர்ரர் வாங்கும்போது என்ன நினைப்பார்? ஜிசிசி சரியில்லைன்னு நினைப்பார். இல்லைன்னா, தனக்குக் கோடிங் வராதுன்னு நினைப்பார். ரெண்டாவதா நினைக்கிறவங்கதான் அதிகம். எனக்கு வருத்தமும் அதுலதான்.

ஒரு பேர், நாலு வேலை

நாம கம்பைலர்னு சொல்றது ஒரே ஆள் இல்லை. 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மேன் முதலில் வெளியிட்ட ஜிசிசியையே எடுத்துக்கலாம். டெர்மினலில் நீங்க அடிக்கிற ஜிசிசி ஒரு மேஸ்திரி மாதிரி. அது நேரடியா செங்கல் தூக்காது. பிரீபிராசஸர், கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் என்று நாலு பேரை வரிசையா கூப்பிட்டு வேலை வாங்கும். ஒவ்வொருத்தர் முடிச்சதும் நிறுத்திப் பார்க்கவும் வழி இருக்கு. ஹலோ வேர்ல்ட் புரோகிராமை எடுத்துக்கிட்டு, படிக்கும்போதே செஞ்சு பாருங்க.

முதல் ஆள் பிரீபிராசஸர். ஜிசிசிக்குப் பக்கத்தில் மைனஸ் போட்டுப் பெரிய ஈ, அப்புறம் ஃபைல் பேர். நீங்க எழுதினது அஞ்சு வரி. திரையில் எழுநூறு எண்ணூறு வரி ஓடும் (வெர்ஷனைப் பொறுத்து மாறும்). உங்க அஞ்சு வரி கடைசியில் வாலா ஒட்டிக்கிட்டிருக்கும். ஹாஷ் இன்க்ளூட் என்றால் வேற ஒண்ணுமில்லை, அந்த ஃபைலில் இருக்கிறதை இங்கே கொண்டுவந்து ஒட்டு என்று அர்த்தம். வெறும் காப்பி பேஸ்ட். இப்ப அந்த எழுநூறு வரியில் பிரிண்ட்எஃப் எங்கே இருக்குன்னு தேடுங்க. ஒரே வரிதான் இருக்கும், முடிவில் ஒரு செமிகோலன். பிரிண்ட்எஃப் எப்படி வேலை செய்யுதுங்கிற கோட் அங்கே இருக்கவே இருக்காது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

ரெண்டாவது ஆள்தான் உண்மையான கம்பைலர். மைனஸ் பெரிய எஸ் கொடுத்தா, உங்க சி கோடை அசெம்பிளியா மாத்தி ஒரு ஃபைலில் வச்சிடும். திறந்து பாருங்க, எல்லாம் புரியணும்னு இல்லை. ஆனா ஒரு விஷயம் கண்ணில் படும். நீங்க எழுதினது பிரிண்ட்எஃப். அசெம்பிளியில் இருக்கிறது புட்ஸ்! எண் எதுவும் இல்லாத வெறும் வாக்கியம், கடைசியில் புதுவரிக் குறி. இதுக்குப் பிரிண்ட்எஃப் அளவுக்குப் பெரிய ஆள் தேவையில்லைன்னு கம்பைலரே முடிவு பண்ணி மாத்தியிருக்கு. நீங்க சொன்னதை அப்படியே மொழிபெயர்க்கிற மெஷின் இல்லை அது. நீங்க சொன்னதோட விளைவு மாறாம, தனக்குச் சரின்னு படுற வழியில் எழுதுற ஆள்.

மூணாவது அசெம்பிளர். மைனஸ் சின்ன சி. ஆப்ஜெக்ட் ஃபைல் வரும். அது இயந்திர மொழி, கண்ணால் படிக்க முடியாது. ஆனா என்எம் என்று ஒரு கமாண்ட் இருக்கு. அதை அந்த ஆப்ஜெக்ட் ஃபைல் மேல ஓட்டினா, மெயினுக்குப் பக்கத்தில் டி என்றும் புட்ஸுக்குப் பக்கத்தில் யு என்றும் காட்டும். டி என்றால் இது என்கிட்ட இருக்கு. யு என்றால் அன்டிஃபைன்ட், அதாவது நான் இதைக் கூப்பிடுறேன், ஆனா என்கிட்ட இல்லை, யாராவது தேடிக் கொடுங்க.

அந்த யாரோதான் நாலாவது ஆள், லிங்கர். அதோட பேர்தான் எல்டி. ஆமா, "எல்டி ரிட்டர்ன்ட் 1" என்று இத்தனை நாள் நம்மைத் திட்டிக்கிட்டிருந்தது கம்பைலர் இல்லை, இந்த ஆள். கம்பைலர் தன் வேலையை நல்லபடியா முடிச்சுட்டு எப்பவோ போயாச்சு.

பலகையும் சமையல்கட்டும்

ஹாஸ்டல் மெஸ் வாசலில் ஒரு பலகை இருக்கும். இன்னிக்குக் காலைல பொங்கல், வடை, சாம்பார். பலகையைப் பார்த்தா என்ன கிடைக்கும், எப்படிக் கேட்கணும்னு தெரியும். பலகையைத் தின்ன முடியாது. பொங்கல் இருக்கிறது சமையல்கட்டில்.

ஹெடர் ஃபைல் அந்தப் பலகை. லைப்ரரிதான் சமையல்கட்டு. "பிரிண்ட்எஃப் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு, இந்த மாதிரி கொடுத்தா இந்த மாதிரி திருப்பித் தரும்" என்பதை மட்டும்தான் ஹெடர் சொல்லுது. பலகையில் எழுதியிருக்கு, சமையல்கட்டில் இல்லை என்றால் என்ன ஆகும்? அதுதான் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்.

நம்பலைன்னா ஒரு சோதனை. ஹலோ வேர்ல்டில் இன்க்ளூட் வரியை அழிச்சிடுங்க. அதுக்குப் பதிலா, பிரிண்ட்எஃபுக்கான அறிவிப்பு வரியை (இன்ட் திருப்பித் தரும், கான்ஸ்ட் கேரக்டர் பாயின்டர் வாங்கும், அப்புறம் மூணு புள்ளி) உங்க கையாலேயே எழுதுங்க. கம்பைல் பண்ணுங்க. ஓடும்! ஹெடரே இல்லாம ஓடும். ஏன்னா பலகையில் என்ன எழுதியிருந்ததோ அதை நீங்களே எழுதிட்டீங்க. சமையல்கட்டு அதே இடத்தில்தான் இருக்கு.

பலகையே இல்லாம ஆர்டர் கொடுத்தா? பழைய சி-யில் அதுக்கும் இடம் இருந்தது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டா, அது இன்ட் திருப்பித் தரும்னு கம்பைலரே ஊகிச்சுக்கும். நீங்க வேற ஃபைலில் எழுதின ஃபங்ஷன் டபுள் திருப்பித் தர்றதா இருந்தா, விடை குப்பையா வரும். ஒரு வார்னிங் மட்டும் வரும். வார்னிங்கை நம்மில் யார் படிக்கிறோம்? 2024-ல் வந்த ஜிசிசி 14 இதை வார்னிங்கில் இருந்து எர்ரர் ஆக்கிடுச்சு. சீனியரோட பழைய புராஜெக்ட் புது உபுண்டுவில் கம்பைல் ஆகலைன்னு புலம்புறவங்க இதையும் ஒரு தடவை பார்க்கலாம்.

இப்ப என் மாடல் எக்ஸாமுக்கு வருவோம். லினக்ஸில் சி-யின் பொதுவான ஃபங்ஷன்கள் எல்லாம் லிப்சி என்ற லைப்ரரியில் இருக்கு. அதை நீங்க கேட்காமலே லிங்கர் சேர்த்துக்கும். ஆனா வர்க்கமூலம், சைன், காஸ் மாதிரி கணக்கு ஃபங்ஷன்கள் லிப்எம் என்ற தனி லைப்ரரியில் இருக்கு. பழைய யுனிக்ஸ் வழக்கம். அதை நாமதான் கேட்டு வாங்கணும். மைனஸ் எல் என்றால் இந்த லைப்ரரியிலும் தேடு என்று அர்த்தம், எம் என்பது அதோட பேர். மேத் டாட் ஹெச் போட்டது பலகையை மாட்டின மாதிரி. எல்எம் போடுறதுதான் அந்தச் சமையல்கட்டுக்கு வழி காட்டுறது. விண்டோஸில் நான் பயன்படுத்தின மின்ஜிடபிள்யூவில், தானாகச் சேர்க்கப்படும் லைப்ரரிகளிலேயே இந்தக் கணக்கு ஃபங்ஷன்களும் இருக்கு. அதனாலதான் அங்கே எதுவும் கேட்கலை.

இதில் இன்னொரு வேடிக்கை. எக்ஸாம் முடிஞ்சு ஒருத்தன் என்கிட்ட சண்டைக்கே வந்தான். "நான் உபுண்டுலதான் அடிச்சேன், எல்எம் போடலை, எனக்கு வந்துச்சே!" அவன் கோடைப் பார்த்தா, வர்க்கமூலத்துக்குள் நேரடியா 16.0 என்று கொடுத்திருக்கான். பதில் 4 என்று கம்பைலருக்கே தெரியும். அதனால் கம்பைல் பண்ணும்போதே விடையைப் போட்டுட்டு, ஃபங்ஷனைக் கூப்பிடுற வேலையையே தூக்கிடுச்சு. யு என்ற கோரிக்கையே இல்லை, லிங்கர் தேடவும் இல்லை. ஸ்கேன்எஃப்ல வாங்கின எண்ணைக் கொடுத்திருந்தா அவனும் மாட்டியிருப்பான். அதே எழுத்து, அதே சிஸ்டம், ஒருத்தனுக்கு வருது ஒருத்தனுக்கு வரலை என்றால் வெளியில் இருந்து பார்க்கிறவங்களுக்கு ராசி மாதிரிதான் தெரியும். அதில் ராசி ஒண்ணும் இல்லை. நாலு பேரில் யார் எங்கே வேலை செஞ்சாங்கங்கிற கணக்குதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: மைனஸ் எல்எம்மை ஃபைல் பேருக்குப் பின்னாடி போடுங்க. லிங்கர் இடமிருந்து வலமா படிக்கும். யாருக்கு என்ன வேணும்னு தெரியுறதுக்கு முன்னாடியே லைப்ரரியைக் காட்டினா, உபுண்டுவில் அதைத் தேவையில்லைன்னு விட்டுட்டுப் போயிடும்.

பேசுறது யார்?

இவ்வளவும் தெரிஞ்சா என்ன லாபம்? எர்ரர் வந்தால் முதல் கேள்வி மாறும். "என்ன தப்பு பண்ணேன்?" என்று பதறுறதுக்குப் பதிலா, "இப்ப பேசுறது யார்?" என்று கேட்பீங்க.

ஃபைலோ டைரக்டரியோ இல்லைன்னு வந்தா அது பிரீபிராசஸர். பேர் தப்பு, இல்லைன்னா அந்தப் பலகையே உங்க சிஸ்டத்தில் இல்லை. உள்ளே போய் லூப்பைத் திருத்தி பிரயோஜனம் இல்லை. "எக்ஸ்பெக்டட் செமிகோலன் பிஃபோர் ரிட்டர்ன்" என்று வந்தா கம்பைலர். நீங்க எழுதின இலக்கணத்தைப் பார்க்கணும், அதுவும் அந்த வரியோட சேர்த்து அதுக்கு முந்தின வரியையும். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்றால் லிங்கர், கேட்டது கிடைக்கலை. மல்டிபிள் டெஃபினிஷன் என்றாலும் லிங்கர்தான், கேட்டது ரெண்டு இடத்தில் கிடைக்குது. டீம் புராஜெக்ட்ல யாராவது ஒருத்தர் முழு ஃபங்ஷனையும் ஹெடர் ஃபைலுக்குள் எழுதி வைப்பார். ரெண்டு சி ஃபைல் அதை இன்க்ளூட் பண்ணும். ரெண்டிலும் அதே ஃபங்ஷன் ஒட்டப்பட்டு, லிங்கர் கையை விரிச்சிடும். பலகையில் பொங்கல் என்று எழுதாம பொங்கலையே அப்பி வச்ச கதை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச எர்ரர் ஒண்ணு இருக்கு. மெயின் என்பதை எழுத்து மாத்தி மியான் என்று அடிச்சுப் பாருங்க. கம்பைலர் வாயே திறக்காது. மியான் என்ற பேரில் ஒரு ஃபங்ஷன் எழுதக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? மைனஸ் சி கொடுத்தா ஆப்ஜெக்ட் ஃபைலே வந்திடும். கடைசியில் லிங்கர்தான், "ஸ்டார்ட் என்ற ஃபங்ஷன் மெயினைக் கேட்குது, காணோம்" என்று சொல்லும். நான் எங்கே ஸ்டார்ட் எழுதினேன்னு தோணும். நீங்க எழுதலை. சிஆர்டி1 மாதிரி பேரில் ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலைப் புரோகிராமோட சத்தமில்லாம சேர்க்கிறாங்க. புரோகிராம் ஆரம்பிக்கிறது அங்கேதான். அங்கிருந்துதான் உங்க மெயினைக் கூப்பிடுறாங்க. "எக்ஸிக்யூஷன் மெயினில் தொடங்கும்" என்று ரெண்டு மார்க் கேள்விக்கு நாம எழுதினது முழு உண்மை இல்லை.

கம்பைலர் என்ற வார்த்தையே இந்தக் கதையைத்தான் சொல்லுது. 1952 வாக்கில் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்று ஒரு புரோகிராம் எழுதினார். டேப்பில் ஏற்கெனவே இருந்த துணைநிரல்களைத் தேடியெடுத்து, ஒண்ணாக் கோர்த்து, ஒரு முழுப் புரோகிராமாகத் தருவது அதன் வேலை. கம்பைல் என்றால் திரட்டித் தொகுப்பது. தமிழில் தொகுப்பி என்று சொல்றோமே, எட்டுத்தொகையில் வரும் அதே தொகை, அந்த அர்த்தத்துக்குச் சரியாகப் பொருந்துற வேலை அது. இன்றைய கணக்கில் பார்த்தா அது லிங்கரோட வேலைக்குத்தான் பக்கத்தில் வரும். 1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு கொண்டுவந்த ஃபோர்ட்ரான் கம்பைலர்தான், கணித வாய்பாடு மாதிரி எழுதினதை இயந்திர மொழியாக்கும் வேலையைப் பெரிய அளவில் செஞ்சு காட்டியது. ஆக, எழுதி வச்சதைத் தேடிச் சேர்க்கிறது முதலில் வந்தது, மொழிபெயர்ப்பு அப்புறம் வந்தது. நாம ரெண்டையும் ஒரே பட்டனுக்குள் அடைச்சு வச்சுக்கிட்டுக் குழம்புறோம்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு?"

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த எதிர்வாதங்களை மறைக்க விரும்பலை. அதில் நியாயமும் இருக்கு.

"இப்ப எல்லாம் பைத்தான்தான், சி யாருக்கு வேணும்?" சரி. பைத்தானில் ஓப்பன்சிவி போட்டுட்டு, லிப்ஜிஎல் என்ற ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியலைன்னு இம்போர்ட் எர்ரர் வாங்காதவங்க யார்? ஃபைனல் இயர் புராஜெக்ட் பாதிக்கு இதுதான் முதல் தடை. அது பைத்தான் பிரச்சினையே இல்லை. ஓடுற நேரத்தில் லைப்ரரியைத் தேடிச் சேர்க்கிற லோடர் பேசுது. நம்பை எண்களை வேகமாகக் கணக்குப் போடுதுன்னா, உள்ளே கம்பைல் பண்ணி வச்ச சி கோட் இருக்கு. பிப் இன்ஸ்டால் அடிக்கும்போது சில பேக்கேஜுக்கு நடக்கிறது, மேலே சொன்ன நாலு பேரோட வேலைதான். பைத்தானும் உங்க கோடை பைட்கோடாக மாத்தித்தான் ஓட்டுது. பைகேஷ் என்ற ஃபோல்டர் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

"எர்ரரை ஏஐகிட்ட ஒட்டினா பதில் வந்துடப் போகுது." நானும் ஒட்டுறவன்தான். அஞ்சு வழி சொல்லும். ஆனா உங்க சிஸ்டம் எது, உங்க கோட் எந்தக் கட்டத்தில் நின்னுது என்பதை நீங்க சொல்லாம அதுக்கு எப்படித் தெரியும்? எந்த வழியை எடுக்கிறதுன்னு முடிவு பண்றது நீங்கதான். பேசுறது லிங்கர்னு தெரிஞ்சவருக்கு ஒரே கேள்வியில் பதில் கிடைக்கும். தெரியாதவர் அஞ்சையும் வரிசையா போட்டுப் பார்த்து, ஆறாவதா ஒரு பிரச்சினையை உண்டாக்கிக்குவார். லேப் எக்ஸாமிலும் இன்டர்வியூவிலும் ஒட்டுறதுக்கு இடமும் இல்லை.

"வண்டி ஓட்டுறவன் எல்லாம் மெக்கானிக் ஆகணுமா?" வேண்டாம். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா பெட்ரோல் இருக்கான்னு பார்க்கத் தெரியணும்ல? நான் கேட்கிறது அவ்வளவுதான். லெக்ஸர், பார்சர், ரெஜிஸ்டர் அலோகேஷன் எல்லாம் மூணாம் வருஷமே வரட்டும். ஏஹோ, சேத்தி, உல்மன் எழுதின, அட்டையில் டிராகன் போட்ட அந்தத் தடிப் புத்தகத்தை முதல் செமஸ்டரில் யார் தலையிலும் கட்ட வேண்டாம். முதல் ரெண்டு வாரம் "இது போடணும், நம்பு" என்று சொல்றதிலும் தப்பில்லை. கோட் ஓடுற சந்தோஷம் முதலில் வரணும். ஆனா அந்த நம்பு நாலு வருஷம் நீடிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். லைப்ரரியும் மனுஷங்க எழுதினதுதான் என்கிற நினைப்பு வந்துட்டா, அதைக் கேள்வி கேட்கிற தைரியமும் வரும். எஸ்டிஆர்லென் என்ற ஃபங்ஷனுக்கு "அம்மா" என்ற சொல்லைக் கொடுங்க. நம்ம கணக்கில் மூணு எழுத்து. விடை 15 என்று வரும். கம்பைலர் பைத்தியம் இல்லை. அது எண்ணுறது எழுத்தை இல்லை, பைட்டை. யூனிகோடில் அம்மா என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று அஞ்சு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் மூணு பைட். ஐமூணு பதினஞ்சு. டெர்மினலில் மேன் என்று அடிச்சு அந்த ஃபங்ஷன் பேரைக் கொடுத்தா, பைட்டைத்தான் எண்ணுவேன்னு அதுவே எழுதி வச்சிருக்கு. நீளம்னா எழுத்தெண்ணிக்கைன்னு நாமதான் நினைச்சுக்கிட்டோம். தமிழ்ல ஆப் செய்யணும்னு ஆசைப்படுற ஒவ்வொருத்தரும் இந்த இடத்தில் ஒரு தடவை முட்டித்தான் போகணும்.

என்ன செய்யலாம்?

முதல் வேண்டுகோள் நம்ம ஆசிரியர்களுக்கு. சிலபஸை முடிக்கிற அவசரம் உங்களுக்கு எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியும். முதல் லேபில் ஒரே ஒரு மணி நேரம் போதும். கூட்டல் புரோகிராம் எக்ஸிக்யூட் ஆனதும், அதே புரோகிராமை நாலு கட்டமா நிறுத்திக் காட்டுங்க. வைவாவில் "எல்எம் எதுக்கு?" என்று கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிக் கொடுத்துடுங்க.

ரெண்டாவது சீனியர்களுக்கு. ஜூனியர் எர்ரரோட வந்தா, கீபோர்டைப் பிடுங்கி நாமே சரி பண்ணிக் கொடுத்துட்டு கெத்தா திரும்பி வர்றோம். அந்த அக்கா தம்பிக்குச் சொல்லி, தம்பி எனக்குச் சொன்ன கதைதான் திரும்ப நடக்குது. அடுத்த தடவை "இதைச் சொல்றது யாருன்னு படி" என்று மட்டும் சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் பக்கத்தில் நில்லுங்க.

மூணாவது, இதைப் படிக்கிற உங்களுக்கு. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் எடுத்துக்கோங்க. ஹலோ வேர்ல்டை எடுத்து மைனஸ் ஈ, மைனஸ் எஸ், மைனஸ் சி மூணும் கொடுத்துப் பாருங்க. என்எம் ஓட்டி யு எங்கே இருக்குன்னு பாருங்க. எல்டிடி என்ற கமாண்டை முடிஞ்ச புரோகிராம் மேல ஓட்டினா, அது எந்தெந்த லைப்ரரியை நம்பி நிக்குதுன்னு பட்டியல் தரும். அப்புறம் மைனஸ் ஸ்டாட்டிக் கொடுத்து மறுபடி கம்பைல் பண்ணி, ஃபைல் சைஸைப் பாருங்க. 16 கேபி பக்கத்தில் இருந்தது பல நூறு கேபிக்குப் போயிருக்கும். வெளியில் இருந்த லைப்ரரியில் தேவையான பகுதி எல்லாம் உங்க ஃபைலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கு. பிரிண்ட்எஃப் என்று ஒரு வார்த்தை அடிக்கும்போது நமக்கு முன்னாடி எத்தனை பேர் உழைச்சு வச்சதைக் கூப்பிடுறோம்னு அப்ப தெரியும். கடைசியா, வேணும்னே தப்பு பண்ணுங்க. செமிகோலனை எடுங்க, மெயினை மியான் ஆக்குங்க, எல்எம்மை விடுங்க. ஒவ்வொரு எர்ரருக்கும் பக்கத்தில் நோட்டில் ஒரே வார்த்தை எழுதுங்க: பேசினது யார்.

அந்த மேமை போன மாசம் காரிடாரில் பார்த்தேன். அவங்களுக்கு என்னையும் என் எல்எம்மையும் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. ஆனா நானே போய், "மேம், எல்எம்னா லிப்எம்மிலும் தேடுன்னு லிங்கர்கிட்ட சொல்றது" என்றேன். ஒரு நிமிஷம் முழிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க: "சரி, அந்த லிப்எம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு லிங்கருக்கு எப்படித் தெரியும்?"

அதுக்கான பதிலைத்தான் இப்ப தேடிக்கிட்டிருக்கேன். ஜிசிசியிடம் மைனஸ் சின்ன வி கொடுத்தா, எந்தெந்த இடத்தில் தேடினேன்னு அதுவே வரிசையா சொல்லுது. நீங்களும் போட்டுப் பாருங்க.